கூட்டிலிருந்து வானத்துக்கு: பறவைப் படக் காமிராவின் கதை

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனும் அவன் ஏறிய குதிரையும் நினைவுக்கு வருவது இயல்பே. 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட அந்த இளைஞனின் கதையைத் தமிழ்நாட்டு மக்கள் நெடுங்காலம் பாட்டாகப் பாடி வந்திருக்கிறார்கள். பாய்ந்தோடும் குதிரையை ஓவியர்கள் எப்படி வரைவார்கள்? முன்னங்கால்கள் இரண்டும் முன்னே நீண்டிருக்கும். பின்னங்கால்கள் இரண்டும் பின்னே நீண்டிருக்கும். குதிரை காற்றில் மிதக்கும். ஐரோப்பிய ஓவியர்களும் இப்படித்தான் வரைந்து வந்தார்கள். நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டா, உண்டென்றால் அப்போது கால்கள் எப்படி இருக்கும் என்று வெறுங்கண்ணால் பார்த்து எவராலும் அறுதியிட்டுக் கூற முடியவில்லை.

விடையைத் தந்தது காமிரா. 1878-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்டோவில், எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர் குதிரை ஓடும் பாதையின் ஓரமாகப் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே கம்பி இழைகளைக் கட்டினார். குதிரை ஒவ்வோர் இழையாக இழுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு காமிராவும் தன் முறை வந்ததும் ஒரு படம் பிடித்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால், அவை நீண்டிருக்கும்போது அல்ல; வயிற்றுக்கடியில் மடங்கிக் கூடியிருக்கும்போது!

குதிரை எந்தப் பாதையில் வரும் என்று மைபிரிட்ஜுக்குத் தெரியும். அதனால்தான் இழையைக் கட்ட முடிந்தது. பறவைக்குப் பாதை ஏது? செஞ்சிக் கோட்டையைப் போன்ற பழைய மண்டபங்களிலும் மதில்களிலும் கூடு கட்டும் உழவாரன் குருவியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வளைந்த கத்திபோன்ற சிறகுகளோடு சுற்றிச் சுழன்று பறக்கும் அந்தச் சிறு பறவை அடுத்த கணம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியுமோ என்னவோ! அதை எந்த இழையைக் கட்டிப் பிடிப்பது? பறவைகளையும் காட்டு விலங்குகளையும் படமெடுக்கும் காமிராவின் வரலாறு, பெரும்பாலும், இந்த ஒரு கேள்விக்கு மனிதன் தேடிய விடைகளின் வரலாறுதான்.

வேகம் என்பது ஒன்றல்ல

நம் மாகாணத்தில் புகைப்படக் கலை தொடக்கத்திலேயே நன்கு வேரூன்றியது. சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லினேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி 1857, 1858-ஆம் ஆண்டுகளில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர், திருச்சி, மதுரை முதலிய இடங்களுக்குச் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீண்ட படமாக்கிய பெருமை அவருடையது. அவர் பயன்படுத்திய மெழுகு பூசிய காகிதத்தில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி விழ வேண்டியிருந்தது. கல் அசையாது, ஆகவே கல்வெட்டு பதிந்தது. அவ்வேளையில் கோபுரத்தைச் சுற்றி ஆயிரம் புறாக்கள் பறந்திருந்தாலும் படத்தில் அவற்றின் சுவடு இராது.

கால் நூற்றாண்டுக்குள் நிலைமை தலைகீழாக மாறியது. 1882-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மரே துப்பாக்கி வடிவில் ஒரு காமிராவைச் செய்தார். குண்டு இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் கண்ணாடித் தகடு இருந்தது. பறக்கும் பறவையைக் குறிபார்த்து விசையை இழுத்தால் விநாடிக்கு 12 படங்கள் விழும். ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம் ஒரு விநாடியில் 720-இல் ஒரு பங்கே. 1884-இல் ஜெர்மானியரான ஆட்டமார் அன்ஷூட்ஸ், தாம் வடிவமைத்த ஷட்டரைக் கொண்டு நாரைகளை அற்புதமாகப் படம் பிடித்தார். அந்த ஷட்டர் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூட வல்லது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். 1/1000 விநாடி ஷட்டர் 140 ஆண்டுகளுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. விநாடிக்கு 12 படம் என்பதும் வந்துவிட்டது. அப்படியானால் பறவைப் படம் அன்றே எளிதாகியிருக்க வேண்டுமல்லவா? ஆகவில்லை. மரேயின் படங்கள் தபால்தலை அளவுகூட இல்லாத நிழலுருக்கள். சிறகடிப்பை ஆராய அவை போதும். பறவை இன்னதென்று அடையாளம் காணப் போதா. அன்ஷூட்ஸின் நாரைகளோ பெரும்பாலும் கூட்டிலும் கூட்டைச் சுற்றியும் எடுக்கப்பட்டவை. நாரை எங்கே வந்து இறங்கும் என்பது அவருக்கு முன்னமே தெரியும்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் குறைவாக இருப்பது ஒருவகை வேகம். பறவையைக் கண்டு, குறிபார்த்து, ஃபோகஸ் செய்து, விசையை அழுத்தி, அது பதியும்வரை ஆகும் தாமதம் குறைவாக இருப்பது வேறுவகை வேகம். முதல் வேகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்தது. இரண்டாவது வேகத்துக்கு இருபத்தோராம் நூற்றாண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உழவாரன் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 15 மீட்டர். 1/1000 விநாடியில் அது நகரும் தூரம் ஒன்றரை சென்டிமீட்டர். படம் ஓரளவு கூர்மையாகவே இருக்கும். ஆனால், கண் பார்த்துக் கை அழுத்துவதற்கு நமக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் பறவை மூன்று மீட்டர் கடந்துவிடும். படம் கூர்மையாகத்தான் இருக்கும். அதில் வானம் மட்டுமே இருக்கும்!

கூட்டைத் தேடிப் போன காமிரா

பறவையைத் துரத்த முடியாத காமிரா, பறவை திரும்பி வந்தே தீர வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இடம் கூடு.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892-இல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படமெடுத்தார்கள். 1895-இல் அவர்கள் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய நூல், முழுவதும் புகைப்படங்களைக் கொண்டே விளக்கப்பட்டது. பறவைகள் தங்களைக் கண்டு அஞ்சாதிருக்க அவர்கள் செய்த தந்திரங்கள் வேடிக்கையானவை. 1900-இல் ஒரு மாட்டுத் தோலைப் பதப்படுத்தி, உள்ளே வெற்றிடமாக உள்ள பொய்க் காளை ஒன்றைச் செய்வித்தார்கள். அதற்குள் ஆளும் காமிராவும் புகுந்துகொண்டு காத்திருப்பதாம்! நம்மூர்ப் பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

விலங்குகளுக்கு மைபிரிட்ஜின் இழையே மீண்டும் கைகொடுத்தது. ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே கம்பியைக் கட்டி, அதை வெளிச்ச மருந்தோடும் காமிராவோடும் இணைத்தார். இரவில் புலி கம்பியை மிதித்தால் பளிச்சென்று வெளிச்சம், படம். இந்தப் படங்களைத் தொகுத்து 1927-இல் அவர் வெளியிட்ட நூல், துப்பாக்கிக்குப் பதிலாகக் காமிராவை எடுத்துச் செல்லலாம் என்று பலரை எண்ண வைத்தது. (இந்தியக் காடுகளை வகைப்படுத்திய ஹாரி சாம்பியன் இவருடைய சகோதரர். காட்டு வகைகளைப் படித்த மாணவர்கள் அப்பெயரை அறிவார்கள்.) பின்னாளில் சிங்கப்பூர்த் திரைப்பட அதிபர் லோக் வான் தோ, பறவையியல் அறிஞர் சலீம் அலியுடன் இந்தியாவின் பல பகுதிகளுக்கு வந்து, மரத்தின் உயரத்துக்குச் சாரம் கட்டி, மறைப்புக் கூடாரத்துக்குள் அமர்ந்து கூடுகளை எடுத்த படங்கள் அழகில் இன்றும் குறைந்தவை அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டை மறைக்கும் இலைகளை விலக்காமல் வெளிச்சம் விழாது. வெளிச்சம் விழுந்தால் வெயிலும் விழும்; காக்கையின் கண்ணும் விழும். தாய்ப் பறவை அரைமணி நேரம் திரும்ப அஞ்சினால், நம் ஊர் வெயிலில் முட்டையும் குஞ்சும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்காலப் புகைப்படக்காரர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். மிகுந்த கவனத்தோடு வேலை செய்தவர்கள் பலர். அவர்களுடைய காமிரா மெதுவானது. வேறு வழி இல்லை. இந்தக் காரணத்தை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சூப்பர் பாண்டரோசா

காமிராவின் மெதுத்தன்மையை வேறொரு வழியில் வென்ற தமிழர் ஒருவர் உண்டு. அவர் பெயர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 1996-இல் மறைந்தார். 1940-களில் சந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். பிறகு எந்த உத்தியோகத்திலும் ஒட்டாமல், எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-இல் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புகள் பகுதி, அவர் மறையும்வரை 46 ஆண்டுகள் வெளிவந்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

அவருடைய காமிரா எந்தக் கடையிலும் கிடைக்காதது. ஒரு காமிராவின் உடலையும் வேறொன்றின் தொலைநோக்கு லென்ஸையும் இன்னும் சில உதிரிகளையும் சேர்த்துத் தாமே கட்டிய கனத்த கருவி அது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டினார். எடையை எண்ணித் தமக்குத் தாமே செய்துகொண்ட கேலி! கருப்பு வெள்ளையில்தான் படமெடுப்பார். முதுமலை முதலிய காடுகளில் நடந்தும் வளர்ப்பு யானை மேல் அமர்ந்தும் அவர் எடுத்த யானைப் படங்களில், யானை மட்டுமன்றி அது நிற்கும் மூங்கிலும் புல்லும் மண்ணும் தெரியும்.

அத்தகைய கருவியைத் தூக்கிக்கொண்டு விநாடிக்குப் பத்துப் படம் எடுக்க முடியாது. ஒரு யானைக் கூட்டத்தின் முன்னால் நின்றால் சில படங்களே வாய்க்கும். ஆகவே, அந்தச் சில படங்களை எப்போது எடுப்பது என்பதை விலங்கின் போக்கை அறிந்தே தீர்மானிக்க வேண்டும். காதை விரிக்கும் யானை மிரட்டுகிறதா, பாயப்போகிறதா? தலை நிமிர்த்திய மான் நம்மைக் கண்டுவிட்டதா, காற்றை முகர்கிறதா? அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தவனுக்கு ஐந்தில் ஒரு விநாடித் தாமதம் பொருட்டல்ல. ஏனெனில் அவன் முன்கூட்டியே அழுத்துகிறான். காமிராவில் இல்லாத வேகத்தை அவர் தம் அறிவால் ஈடுசெய்தார் என்றே கொள்ள வேண்டும். 1968-இல் கிடைத்த நேரு நினைவு ஆய்வு நிதியைக் கொண்டு தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த கள ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக வெளியிட்டது. படமெடுத்தலும் ஆராய்ச்சியும் அவருக்கு இரண்டு வேலைகள் அல்ல.

தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாளும் (1932-2017) இந்த வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர். பளிச்சொளி விளக்கைக் கொண்டு பறவைகளையும் இரவு விலங்குகளையும் படமெடுப்பதில் அவர் வல்லவர். கிருஷ்ணனின் படங்களைத் தொகுத்து 2006-இல் வந்த பெருநூலின் தொகுப்பாளர்களில் அவரும் ஒருவர்.

கண்ணாடி செய்த உதவியும் உபத்திரவமும்

இனி, நம் கதையின் முக்கியப் பாத்திரமான கண்ணாடிக்கு வருவோம். இங்கே கண்ணாடி என்றது முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்ற ஆடியை.

பழைய காமிராக்களில் பார்க்கும் துளை வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. அருகில் உள்ள பறவையை நீண்ட லென்ஸால் எடுக்கும்போது இரண்டும் ஒரே இடத்தைக் காட்டா. இதைத் தீர்க்க, லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே 45 பாகை சாய்வாக ஒரு கண்ணாடி வைக்கப்பட்டது. லென்ஸ் வழியே வரும் ஒளி அதில் பட்டு மேலே திரும்பி நம் கண்ணுக்கு வரும். எதைப் பார்க்கிறோமோ அதுவே படமாகும். 1936-இல் ஜெர்மனியில் வந்த கினே எக்ஸாக்டா, 35 மில்லிமீட்டர் பிலிமில் இம்முறையைப் பரப்பியது. முதலில், படம் எடுத்தபின் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். பிலிமைச் சுற்றினால்தான் மறுபடி பார்வை கிடைக்கும். தானே உடனே கீழே இறங்கும் கண்ணாடி, 1954-இல் ஜப்பானின் அசாஹிஃபிளெக்ஸ் காமிராவில் நன்கு அமைந்தது. 1959-இல் நிக்கான் எஃப் வந்தது. அதன் பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் காட்டுயிர்ப் புகைப்படக் கலை என்றாலே கண்ணாடி வைத்த காமிராதான்.

உதவி பெரிது, விலையும் பெரிது. விசையை அழுத்தியதும் முதலில் கண்ணாடி எழ வேண்டும். பிறகு ஷட்டர் திறந்து மூட வேண்டும். பிறகு கண்ணாடி இறங்க வேண்டும். சிறந்த கருவிகளிலும் படம் விழத் தொடங்குமுன் ஏறத்தாழ 1/20 விநாடி கழிந்துவிடும். நம் உழவாரன் அதற்குள் முக்கால் மீட்டர் போய்விடும். கண்ணாடி மேலே இருக்கும் நேரத்தில் நமக்கு இருட்டு. அதாவது, படம் பதியும் அதே கணத்தில் புகைப்படக்காரர் குருடர்! பறவை இமைத்ததா, திரும்பியதா என்று அவர் அறியார். போதாக்குறைக்குச் சத்தம் வேறு. அமைதியான காட்டில் 'கடக்' என்ற அந்த ஓசைக்கு மான் தலை தூக்கும். விநாடிக்குப் பத்துப் படம் எடுக்க வேண்டுமானால், அந்தக் கண்ணாடி ஒரே விநாடியில் பத்து முறை எழுந்து பத்து முறை விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் துள்ளாமல் நிற்கவும் வேண்டும். இயந்திரக் கலைஞர்கள் இதைச் சாதித்தே காட்டினார்கள் என்பது வியப்புக்குரியது.

கண்ணாடியை அசையாமல் நிறுத்தினால் என்ன என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 1965-இல் கேனான் நிறுவனம் பெலிக்ஸ் என்ற காமிராவில் ஒளி ஊடுருவும் மெல்லிய ஆடியை நிலையாகப் பொருத்தியது. ஒளியின் ஒரு பகுதி கண்ணுக்குப் போகும்; மிகுதி ஊடுருவிப் பிலிமுக்குப் போகும். இதே உத்தியால் 1984-இல் கேனான் எஃப்-1 காமிராவின் விரைவு வடிவம் விநாடிக்கு 14 படங்களை எட்டியது. ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். ஆகவே மூன்று விநாடிக்குள் சுருள் தீர்ந்துவிடும். சுருளை மாற்றுவதற்குள் காட்சியும் தீர்ந்துவிடும்! வேகத்துக்கு அடுத்த தடை கண்ணாடி மட்டுமல்ல, பிலிமுந்தான் என்பது இதனால் விளங்கும்.

கண்ணாடி கழன்றது

பிலிமின் இடத்தை ஒளியை மின்னாக மாற்றும் சிலிக்கான் சில்லு பிடித்தது. இதன் அடிப்படையை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வகுத்த பாயில், ஸ்மித் இருவரும் 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் டிஜிட்டல் காமிரா வந்த பின்னும் கண்ணாடி உடனே போகவில்லை. ஏன்? சில்லு காணும் காட்சியை உடனுக்குடன் சிறு திரையில் காட்டிவிட்டால் கண்ணாடி வேண்டாமே? கொள்கையளவில் சரி. ஆனால் ஃபோகஸ் செய்யும் உறுப்பு கண்ணாடிக்குக் கீழே இருந்தது. கண்ணாடியை எடுத்தால் அதுவும் போய்விடும்.

2008-இல் பானசோனிக் நிறுவனம் ஜி1 என்ற பெயரில் லென்ஸ் மாற்றக்கூடிய, கண்ணாடி இல்லாத காமிராவை வெளியிட்டது. கையடக்கமானது, மரத்தில் உட்கார்ந்த மைனாவுக்குப் போதும். பறக்கும் பறவைக்குப் போதாது. திரையில் தெரியும் காட்சி சற்றுப் பின்தங்கி வந்தது, ஃபோகஸும் தடுமாறியது. பறவைப் படக்காரர்கள் அன்று இதைப் பொம்மை என்று ஒதுக்கியதில் குற்றமில்லை. 2011-இல் வந்த நிக்கான் 1 வகைக் காமிராக்களில் ஃபோகஸ் அறியும் புள்ளிகளைச் சில்லின் மேலேயே அமைத்தார்கள். அதன் பிறகு கண்ணாடிக்கு இருந்த கடைசி நியாயமும் ஆட்டம் கண்டது.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. மாணவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஓசையின்றிப் படமெடுக்க இயந்திர ஷட்டரையும் விட்டுவிட்டுச் சில்லை மட்டும் படிக்கலாம். ஆனால் சில்லு முழுவதையும் ஒரே கணத்தில் படிக்க முடிவதில்லை. மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத்தான் படிக்கிறார்கள். பள்ளி மைதானத்தில் ஆசிரியர் முன் வரிசையிலிருந்து தலை எண்ணிக்கொண்டு வருகிறார். எண்ணப்பட்ட குறும்புக்காரப் பையன் ஒருவன் ஓடிப் போய்ப் பின் வரிசையில் நின்றுகொள்கிறான். கணக்கு என்ன ஆகும்? அதுவேதான் இங்கும். சில்லைப் படித்து முடிக்க 1/30 விநாடி ஆகிறது என்றால், விநாடிக்குப் பத்து முறை சிறகடிக்கும் பறவை அதற்குள் ஒரு சிறகடிப்பில் மூன்றில் ஒரு பங்கை முடித்துவிடும். படத்தில் சிறகு ரப்பரைப் போல் வளைந்து கோணிக்கொள்ளும்.

ஆகவே, படிக்கும் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒளியை உணரும் அடுக்குக்குக் கீழே நினைவக அடுக்கைப் பொருத்தி, படித்ததை அங்கேயே உடனுக்குடன் கொட்டி வைக்கும் அடுக்குச் சில்லு இதற்காகவே வந்தது. 2017-இல் சோனி வெளியிட்ட ஏ9 காமிரா இத்தகைய சில்லைக் கொண்டு விநாடிக்கு 20 படங்கள் எடுத்தது. ஓசை இல்லை, இடையில் இருட்டும் இல்லை. படம் பதியும் கணத்திலும் பறவையைக் கண் விடாமல் தொடரலாம். காட்டுயிர்ப் புகைப்பட வரலாற்றில் உண்மையான திருப்பம் இதுவே என்பது என் கருத்து. 2021-இல் வந்த நிக்கான் இசட் 9 காமிராவில் இயந்திர ஷட்டரே கிடையாது. சில்லைப் படிக்கும் நேரம் சுமார் 1/270 விநாடியாகச் சுருங்கிவிட்டது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் வடிவமோ சில்லு முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது. விநாடிக்கு 120 படங்கள்! மரேயின் துப்பாக்கிக்குப் பத்து மடங்கு. இவற்றின் விலை லட்சங்களில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல நீண்ட லென்ஸ் சேர்ந்தால் ஒரு சிறு கார் வாங்கும் பணம் ஆகிவிடும்.

கண்ணாடி போனதால் கிடைத்த வேறு இரண்டு பயன்களையும் குறிப்பிட வேண்டும். காட்சியைச் சில்லு இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதால், அதில் உள்ளது பறவையா, அதன் கண் எங்கே என்று கணிப்பொறி முறையில் அறிந்து அந்தக் கண்ணிலேயே ஃபோகஸ் செய்ய முடிகிறது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட நிரல்கள் இந்த வேலையைச் செய்கின்றன. 2020-க்குப் பின் வந்த சிறந்த காமிராக்களில் இது சாதாரணமாகிவிட்டது. மற்றொன்று இன்னும் வியப்பானது. ஒலிம்பஸ் நிறுவனம் 2016-இல் ஒரு காமிராவில் புகுத்திய உத்தி இது. விசையைப் பாதி அழுத்தியிருக்கும்போதே காமிரா படங்களை எடுத்து எடுத்துத் தற்காலிக நினைவில் வைத்துப் பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். முழுதும் அழுத்தியதும், அழுத்துவதற்கு முந்திய படங்களையும் சேர்த்துப் பத்திரப்படுத்திவிடும். மீன்கொத்தி கிளையை விட்டுக் கிளம்பிய பிறகு நாம் அழுத்தினாலும், கிளம்பிய கணம் படத்தில் இருக்கும். ஐந்தில் ஒரு விநாடி என்ற மனிதத் தாமதத்தையே இது கழித்துவிடுகிறது. கிருஷ்ணன் அறிவால் செய்ததைக் காமிரா நினைவால் செய்கிறது என்று சொல்லலாமா? முழுவதும் சொல்ல முடியாது. எந்தக் கிளைக்கு முன்னால் போய் உட்கார வேண்டும் என்பதைக் காமிரா இன்னும் சொல்வதில்லை.

ராஜகிரிப் படிகளில்

செஞ்சிக்கு வருவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். குன்றுகளை இணைத்து ஓடும் மதில். நடுவே கல்யாண மகாலும் குளங்களும். 1677-இல் சிவாஜி கைப்பற்றி வலுப்படுத்திய இக்கோட்டை, மராத்தியப் படைத்தளங்கள் பன்னிரண்டில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. இனிக் காமிராவோடு வருவோர் தொகை பெருகும் என்பதில் ஐயமில்லை.

பறவைப் படக்காரனுக்குக் கோட்டை ஒரு நல்ல பரீட்சைக் கூடம். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் படிகளில் பாதி ஏறி நின்றால், பறவைகள் நம் தலைக்கு மேலே மட்டுமல்ல, காலுக்குக் கீழேயும் பறக்கும். கீழே பறக்கும் பறவைக்குப் பின்னணி நீல வானம் அல்ல. வெயிலில் மின்னும் பாறையும் முட்புதரும் வயலும். பழைய தானியங்கி ஃபோகஸ் முறைக்கு இது பெரும் பொறி. பறவையை விட்டுவிட்டுப் பின்னாலுள்ள பாறையைப் பிடித்துக்கொள்ளும். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் கூர்மையாக விழும். பறவை ஒரு சாம்பல் கறையாகத் தெரியும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் புதிய காமிராவுக்கு இந்த மயக்கம் மிகக் குறைவு. 1/2000 அல்லது 1/3200 விநாடியில் வைத்துக்கொண்டு, காலை வெயில் முதுகுப் புறமிருக்க நின்றால், மதிலை உரசிப் போகும் பறவையின் சிறகைக்கூட எண்ணிப் பார்க்கத் தக்க படம் கிடைக்கும். படிகளில் திரியும் நாட்டுக் குரங்குகளுக்கு ஒரு பையைத் திறக்க இதைவிடக் குறைந்த நேரம் போதும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன காரணத்துக்கு இப்போது வருகிறேன். கூட்டுக்கு அருகே போனதற்குக் காரணம் காமிராவின் மெதுத்தன்மை. அந்தக் காரணம் இன்று இல்லை. ஆயினும், மண்டபத்து இடுக்கில் குஞ்சு பொரித்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், லட்ச ரூபாய்க் காமிராவோடு அங்கே முண்டியடிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். விநாடிக்கு 20 படம் எடுக்கும் கருவியைக் கொண்டு, 1892-இல் கியர்ட்டன் சகோதரர்கள் எடுத்த படத்தையே மீண்டும் எடுக்கிறார்கள்! 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி தூக்கினால் மட்டும் வேட்டை அல்ல. கூட்டை மறைக்கும் கிளையைப் படத்துக்காக ஒடிப்பதும் கூட்டைக் கலைப்பதுதான். வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாதென்று வெள்ளைக்காரக் கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். சட்டத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முந்திய விவேகம் அது.

பறவை பறக்கும்போது எடுக்கலாம், தொலைவில் நின்று எடுக்கலாம், ஓசையின்றி எடுக்கலாம். கண்ணாடி கழன்றதால் நமக்குக் கிடைத்தவை இவை. இவற்றோடு ஒரு புதுத் தொல்லையும் வந்திருக்கிறது. விநாடிக்கு 20 படம் என்ற கணக்கில், ஒரு காலைப் பொழுதில் மொத்தம் ஐந்து நிமிடம் விசையை அழுத்தியிருந்தால் 6,000 படங்கள் சேரும். பிலிம் காலத்தில் இது ஏறத்தாழ 167 சுருள். அவற்றில் உழவாரனின் சிறகு சரியாக விரிந்திருப்பது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க, ராஜகிரியிலிருந்து இறங்கி வந்தபின் இரவெல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.